எழுத்தினால் வளரும் வியாபாரம்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எழுத்தினாற் பொருளீட்டுவது எப்படி என்பது பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் எம்மை வேண்டியபோது, எமக்குச் சிறிது சிரிப்பு வந்தது. எழுதிப் பிழைக்க முயன்றவர்களின் கதை நம்மவரிடையே பெரும்பாலும் கண்ணீர்க் கதையாகவே இருந்து வந்திருக்கிறது. கைப்பொருளைக் கொண்டு நூல் அச்சிட்டு, அவற்றை வீட்டு அலுமாரியில் அடுக்கி வைத்திருப்பவர் சிலரை நாம் அறிவோம். இச்சபையிலும் ஓரிருவர் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. ஆனால் செயலாளர் கேட்டது கவிதையையும் கதையையும் பற்றியன்று. கடை வைத்திருப்பவரும், கைத்தொழில் தெரிந்தவரும், உத்தியோகத்தை எதிர்பார்த்து வீட்டில் இருக்கும் இளைஞரும் இணையத்திலே எழுதுவதனால் தம் தொழிலை வளர்க்கலாம் என்கிறார்களே, அது மெய்தானா என்பதே அவர் கேள்வி. மெய்தான் என்பது எமது விடை. ஆனால் பலர் நினைக்கும் வழியில் அன்று.

முதலில் எமது வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அநுமதி தரவேண்டும்.

சென்ற வருஷம் எமது கிணற்றுக்கு நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. பழையது பதினைந்து வருஷம் உழைத்துவிட்டு ஒருநாட் காலையில் மூச்சை நிறுத்திவிட்டது. கடைத்தெருவுக்குப் போகுமுன் விலையை அறிந்துகொள்வோம் என்று கைப்பேசியை எடுத்துத் தேடினோம். நான்கு கடைகளின் பக்கங்கள் அகப்பட்டன. நான்கிலும் இயந்திரத்தின் அழகான படம். படத்தின் கீழே சிறந்த தரம், நியாயமான விலை என்ற வாசகம். அந்த நியாயமான விலை எவ்வளவு என்பது மாத்திரம் எங்கும் இல்லை. யாரோ ஒருவர் அதன் கீழே விலையைக் கேட்டிருந்தார். தனியே எழுதிக் கேளுங்கள் என்று கடைக்காரர் விடை கொடுத்திருந்தார். விலையென்ன, இரகசியமா? எமது கிணற்றுக்கு அரைக் குதிரைவலு போதுமா, ஒன்று வேண்டுமா, ஒன்றரை வேண்டுமா என்பதைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. ஈற்றில் ஒரு கடைக்குப் போய், பெரியதாகப் பார்த்து ஒன்றை வாங்கி வந்தோம். கோடை பிறந்து மூன்றாம் வாரத்தில் அது கிணற்றை ஒரே மூச்சில் வற்றச்செய்து, அடிச்சேற்றையும் சேர்த்து மேல்தொட்டியில் ஏற்றியது. விற்றவரை நாம் குறைகூறவில்லை. நாம் கேட்டதை அவர் கொடுத்தார். நமக்குக் கேட்கத் தெரியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்த நால்வரில் ஒருவராவது, கிணற்றின் ஆழத்துக்கும் ஊற்றின் வேகத்துக்கும் ஏற்ப இயந்திரத்தை எப்படித் தெரிவது என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தால் நாம் யாரிடம் போயிருப்போம்? இருமடங்கு தூரமானாலும் அவரிடமே போயிருப்போம். எமது பொருள் முழுவதும் இந்தக் கிணற்றுக்குள்ளே இருக்கிறது.

இதே பாடத்தை மிகவும் கசப்பான முறையிற் கற்ற ஒருவர் அமெரிக்காவிலே வெர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறார். மார்க்கஸ் ஷெரிடன் என்பது பெயர். தம் நண்பர் இருவருடன் சேர்ந்து, வீட்டுத் தோட்டங்களில் நீச்சல் தடாகம் அமைத்துக் கொடுக்கும் றிவர் பூல்ஸ் என்ற சிறு கொம்பனியை நடத்தி வந்தார். 2008 ஆம் ஆண்டில் அந்நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. வீட்டுக்கடனையே கட்ட இயலாதவர் தடாகம் வெட்டுவாரா? கட்டளை கொடுத்தவர்களும் முற்பணத்தைத் திருப்பிக் கேட்டனர். வங்கிக் கணக்கு இருப்பைக் கடந்து கடனில் நின்றது. அதுவரையில் றேடியோ, தொலைக்காட்சி முதலிய விளம்பரங்களுக்கு வருஷந்தோறும் ஏறக்குறைய 250,000 டொலர் செலவிட்டு வந்த கொம்பனி அது. இனி விளம்பரத்துக்குப் பணமில்லை. கடையை மூடவும் மனமில்லை.

அந்த நிலையில் அவர் செய்தது மிகவும் எளிய காரியம். தொழில் தொடங்கிய நாள்முதல் வாடிக்கையாளர் தம்மிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதினார். பின்பு இரவு நேரங்களில் வீட்டிலிருந்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டுரையாக விடையெழுதித் தம் கொம்பனியின் வலைப்பதிவிலே வெளியிட்டார். நாட்குறிப்பைப்போலத் திகதியிட்டு இணையத்தில் ஒருவர் தொடர்ந்து எழுதி வரும் பக்கத்தை நாம் வலைப்பதிவு என்கிறோம் என்பதை மூத்தவர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம்.

கேள்விகளுள் முதலாவது எது? நாம் எல்லோரும் எந்தக் கடைக்குப் போனாலும் கேட்பதுதான்: என்ன விலை? பைபர் கிளாஸ் தடாகத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பதை அத்தொழிலில் இருந்தவர் எவரும் எழுத்தில் வைப்பதில்லை. நிலத்துக்கு நிலம், அளவுக்கு அளவு மாறும், ஆகையாற் சொல்ல இயலாது என்பார்கள். ஷெரிடனும் அதைத்தான் எழுதினார். ஆனால் எவை எவற்றால் மாறும், எந்த எல்லைக்குள் மாறும் என்பதை விளக்கி எழுதினார். அது போதுமாயிருந்தது. தடாகத்தின் விலையைத் தேடியவர்கள் அமெரிக்காவின் எந்த மூலையிலிருந்து தேடினாலும் அவர் பக்கத்துக்கே வந்து சேர்ந்தார்கள், ஏனெனில் வேறெவரும் விடையெழுதி வைக்கவில்லை. 2013 இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை அவரைச் செவ்வி கண்டபோது, அந்த ஒரு கட்டுரையின் வழியாக வந்தது என்று தம்மால் உறுதியாகக் கணக்கிடக்கூடிய விற்பனை மாத்திரம் 17 இலட்சம் டொலர் என்றார். விளம்பரச் செலவு முன்பிருந்ததிற் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

இதிலும் வியப்பானது ஒன்று உண்டு. அவர் விற்றது பைபர் கிளாஸ் தடாகம். ஆனால் பைபர் கிளாஸ் தடாகத்திலுள்ள குறைகள் எவை என்றும் ஒரு கட்டுரை எழுதினார். தொழிற்சாலையில் வார்த்து லொறியில் ஏற்றித் தெருவழியே கொண்டுவர வேண்டியதாகையால், ஏறக்குறைய 16 அடிக்கு மேல் அகலமாக அதைச் செய்ய இயலாது. விரும்பிய வடிவமெல்லாம் கிடைக்காது. இன்னின்ன தேவையுடையவர் கொங்கிறீற்றுத் தடாகத்தை நாடுவதே நன்று என்று தம் கையாலேயே எழுதி வைத்தார். அம்மட்டோ? தம் பக்கத்து நகரில் நல்ல முறையில் தடாகம் அமைப்போர் யாவர் என்று ஒருவர் கேட்டிருந்தார். போட்டிக்காரர்களின் பெயர்களை வரிசையாக எழுதினார். அந்த வரிசையில் தம் கொம்பனியின் பெயரைச் சேர்க்கவில்லை! நம்மூர்க் கடைத்தெருவில் ஒருவர் இப்படிச் செய்தால், அவருக்குப் பித்து ஏறிவிட்டது என்று உறவினர் ஓடி வருவார்கள். ஆனால் போட்டிக்காரர்களின் பெயரைத் தேடி வந்தவர்கள் எவர் பக்கத்தில் நின்று அதை வாசித்தார்கள் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

அவர் கூறிய கணக்கு இன்னொன்றும் எமக்கு முக்கியமாகப் படுகிறது. அத்தொழிலில் பத்து வீடுகளுக்குப் போய்ப் பேசினால் ஒரு வீட்டில் வியாபாரம் முடிவது வழக்கமாம். ஆனால் தம் பக்கங்களில் முப்பதையோ அதற்கு மேலேயோ வாசித்துவிட்டு அழைத்தவர்களிடம் போனபோது நூற்றுக்கு எண்பது பேர் வாங்கினார்கள் என்கிறார். ஏன்? அவர்களுடைய சந்தேகங்கள் அவர் படியேறுமுன்பே தீர்ந்துவிட்டன. பொருந்தாதவர்கள் வாசித்த அளவிலேயே விலகிக்கொண்டார்கள். பேச்சு வல்லமையாற் செய்யும் வேலையை எழுத்து, அவர் உறங்கும்போதும் இருந்து செய்தது. அந்தக் கொம்பனி பிழைத்ததோடு, பின்னர் தடாகங்களைத் தானே உற்பத்தி செய்யவும் தொடங்கிற்று.

இதெல்லாம் இணையம் வந்தபின் தோன்றிய புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். கருவி புதியது, காரியம் பழையது. மேல்நாட்டார் இதனை மிக முன்பே செய்து பார்த்துவிட்டார்கள்.

பிரான்சு தேசத்திலே கிளெர்மொன் ஃபெரான் என்ற நகரில் அந்திரே மிஷ்லென், எதுவார் மிஷ்லென் என்ற சகோதரர் இருவர் 1889 இல் றப்பர்க் கொம்பனி ஒன்றை நிறுவினர். மோட்டார் வாகனங்களுக்கு ரயர் செய்தனர். ஆனால் 1900 ஆம் ஆண்டிற் பிரான்சு முழுவதிலும் இருந்த மோட்டார் வாகனங்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. மூவாயிரம் வாகனங்களுக்கு எத்தனை ரயர் விற்கலாம்? சகோதரர்கள் வேறு விதமாகச் சிந்தித்தார்கள். மக்கள் வாகனத்தை எடுத்துக்கொண்டு தூரப் பயணம் போனாலல்லவா ரயர் தேயும்? போகத் தயங்குவது ஏன்? வழி தெரியாது, எந்த ஊரில் எண்ணெய் கிடைக்கும், எங்கே படுக்க இடம் கிடைக்கும், ரயர் வெடித்தால் எப்படி மாற்றுவது என்பது தெரியாது. ஆகவே இவற்றையெல்லாம் எழுதி, ஒரு சிறு சிவப்புப் புத்தகமாக ஏறக்குறைய 35,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். மூவாயிரத்துக்கும் குறைவான வாகனங்களுக்கு முப்பத்தையாயிரம் புத்தகங்கள்! இன்னும் வாகனம் வாங்காதவர்களுக்கும் சேர்த்து எழுதினார்கள் என்றே கொள்ள வேண்டும்.

பல வருஷம் அது இலவசமாகவே வழங்கப்பட்டது. பின்பு ஒருநாள் அந்திரே ஒரு ரயர்க் கடைக்குப் போனபோது, தம் புத்தகங்கள் மேசையின் காலுக்கு முண்டுகொடுக்கப் பயன்பட்டதைக் கண்டாராம். கதை அந்தக் கொம்பனியாரே சொல்லி வருவது. அதன்பின் 1920 இலே புத்தகத்துக்கு விலை வைத்தார்கள். அதில் வந்துகொண்டிருந்த விளம்பரங்களையும் அகற்றினார்கள். பணம் கொடுத்தவனைப் புகழும் புத்தகம் என்ற சந்தேகம் நீங்கிற்று. 1926 இல் நல்ல உணவுச்சாலைகளுக்கு நட்சத்திரக் குறியிடத் தொடங்கினர். பெயர் சொல்லாமற் போய், உண்டு, கணக்கைத் தாமே செலுத்திவிட்டு வரும் பரிசோதகரை அனுப்பும் முறையும் ஏற்பட்டது. இன்று உலகத்துச் சமையற்காரர்கள் அந்த நட்சத்திரத்துக்காக உயிரை விடுகிறார்கள். அதை வழங்குவது ஒரு ரயர்க் கொம்பனி என்பதை அறியாதவரும் பலர். ஆனால் ஒன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும்: அண்மைக் காலத்தில் சில நாடுகளின் சுற்றுலாச் சபைகள் பணம் கொடுத்து இந்தப் புத்தகத்தைத் தம் நாட்டுக்கு வரவழைக்கின்றன, அதனாற் பழைய மதிப்புக்குச் சற்றே பழுது வந்திருக்கிறது என்று குறைகூறுவோரும் உளர். எழுத்தினால் வந்த செல்வம் நம்பிக்கையின்மேல் நிற்பது. அதில் ஒரு கல்லைப் பெயர்த்தாலும் ஓசை கேட்கும்.

அமெரிக்காவிலே கலப்பை செய்த ஜோன் டியர் கொம்பனி 1895 இல் உழவுச்சால் என்று பொருள்படும் பெயருடன் ஒரு பத்திரிகையைத் தொடங்கிற்று. அது கலப்பையைப் பற்றிப் பேசியதைவிட மண்ணையும் விதையையும் பற்றிப் பேசியதே அதிகம். 1912 அளவில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனை வாசித்தனர், இன்றும் வெளிவருகிறது. அதற்கும் முன்னே பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற அச்சுக்கூடக்காரர் 1732 முதல் ஒரு பஞ்சாங்கத்தை வெளியிட்டார். நம் பஞ்சாங்கத்தைப்போலத் திதியும் கிரகணமும் அதிலும் இருந்தன. இடையிடையே அவர் எழுதிய சிறு வாசகங்களுக்காகவே மக்கள் வாங்கினார்கள். வருஷத்துக்குப் பதினாயிரம் பிரதிகள் வரை விற்றன. நாற்பத்திரண்டாம் வயதில் அவர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று ஆராய்ச்சியிலும் அரசியலிலும் இறங்க முடிந்ததற்கு அந்தப் பஞ்சாங்கமும் ஒரு காரணம். நம் கடைக்காரரும் சித்திரை வருஷத்துக்குக் கலண்டர் கொடுக்கத்தான் செய்கிறார்கள். அதில் கடைப்பெயர் பெரிதாக இருக்கும். நாளின் இலக்கம் மூக்குக்கண்ணாடிக்குக் கூடத் தெரியாது.

இனிக் கடையில்லாத தனி மனிதரைப் பற்றிப் பார்ப்போம். இளைஞர் பலர் எம்மிடம் கேட்பது, நாம் எழுதினால் மாதம் எவ்வளவு வரும் என்பதே. கேள்வியிற் பிழையில்லை. விடைதான் இனிமையானதன்று.

இணையத்தில் எழுதுபவருக்குப் பணம் வரும் வாயில்கள் சில. எழுத்தின் பக்கத்தில் விளம்பரம் இடம்பெறச் செய்து கூலி பெறுவது ஒன்று. கூகிள் நிறுவனம் இதற்கான ஏற்பாட்டை 2003 இலே தொடங்கிற்று. ஆனால் தமிழ்ப் பக்கங்களை அது ஏற்றுக்கொண்டது 2018 இலேதான். பதினைந்து வருஷம் தமிழில் எழுதியவர்கள் இந்த வழியில் ஒரு சதமும் காணவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இன்னொன்று தரகு. ஒரு நூலையோ கருவியையோ பற்றி எழுதி, அதை வாங்கும் இடத்தைக் காட்டிவிட்டால், அவ்வழியாக வாங்கப்பட்டவற்றில் ஒரு சிறு பங்கு எழுதியவருக்கு வரும். அமேசன் கொம்பனி 1996 முதல் இதைச் செய்கிறது. விளம்பரக் கூலி வாசகரின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆயிரம்பேர் வந்து போனாலும் தேநீர்க் காசுக்குக் காணாது. இந்த இரண்டை மாத்திரம் நம்பி எழுதத் தொடங்கியவருட் பெரும்பாலோர் ஆறாம் மாதத்திற் களைத்துப் போனதை நாம் கண்டிருக்கிறோம்.

பெரும் பணம் வந்தவர்களுக்கு அது பக்கத்து வாயிலால் வந்திருக்கிறது. நியூயோர்க் நகரத்தில் அரசாங்க அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்த ஜூலி பவல் என்ற பெண்மணி, 2002 இலே, ஒரு பெரிய பிரெஞ்சுச் சமையல் நூலிலுள்ள 524 பாகங்களையும் ஒரே வருஷத்தில் தம் சிறு சமையலறையிற் சமைத்து முடிப்பது என்று விரதம் பூண்டு, அன்றன்று நேர்ந்ததை வலைப்பதிவில் எழுதினார். குழம்பு கெட்டதையும் அழுததையும் மறைக்காமல் எழுதினார். 2005 இல் அது நூலாயிற்று. 2009 இற் சினிமாவாயிற்று. கலிபோர்னியாவில் கணினித் தொழில் செய்த அன்டி வெயர் என்பவரின் கதையும் இத்தகையதே. பதிப்பாளர்கள் தம் எழுத்தைக் கொள்ளாததால் மனமொடிந்து, 2009 முதல் செவ்வாய்க் கிரகத்தில் தனித்துவிடப்பட்ட ஒருவனின் கதையைத் தம் பக்கத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக வெளியிட்டார். வாசகருள் விஞ்ஞானம் கற்றோர் இருந்தனர். அவர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்ட, அவர் திருத்தினார். வாசகர் கேட்டதற்கிணங்க 2011 இல் அதனை மின்னூலாக்கி, அங்கே வைக்கக்கூடிய மிகக் குறைந்த விலையாகிய 99 சதத்துக்கு விட்டார். மூன்று மாதத்தில் 35,000 பிரதிகள் விற்றன. முன்பு கதவடைத்த பதிப்பாளர் உலகம் தானே தேடி வந்தது. 2014 இல் அச்சு நூல், 2015 இற் சினிமா. இவ்விருவரும் பக்கத்து விளம்பரத்தாற் செல்வரானவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். தொடர்ந்து எழுதியதால் இவரால் இது இயலும் என்பதைப் பிறர் கண்டார்கள். நம் இளைஞருக்குச் சினிமா வராமற் போகலாம். ஆனால் கணக்கியல் கற்றவர் வரிப் படிவம் நிரப்புவதைப் பற்றி ஒழுங்காக எழுதி வந்தால், கணக்கெழுத ஆள் தேடும் ஒரு சிறு கொம்பனி அவரை அழைக்கும். எம் மருமகப்பிள்ளை ஒருவருக்கு இப்படித்தான் வேலை கிடைத்தது. விண்ணப்பத்தோடு அனுப்பிய சான்றிதழ்களை எவரும் திறந்து பார்க்கவேயில்லையாம்.

இடர்களும் உண்டு. பிறர் நிலத்தில் வீடு கட்டக்கூடாது என்பார்கள். ஜியோசிற்றீஸ் என்ற இடத்திற் பல இலட்சம்பேர் தம் பக்கங்களை வைத்திருந்தார்கள்; 2009 இலே அதன் சொந்தக்காரர் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். முகநூலில் மாத்திரம் எழுதி வைத்திருப்போருக்கு இதைச் சொல்லுகிறோம். வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவில் சொந்தப் பெயரில் ஒரு முகவரி வாங்கிக்கொள்ளலாம். எழுத்தின் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளலாம். மற்றோர் இடர் புதியது. 2024 முதல் கூகிள் தேடுபொறி பல கேள்விகளுக்கு விடையைத் தானே தொகுத்து முன்னே காட்டத் தொடங்கிவிட்டது. ஆகவே எல்லா இடத்திலும் கிடைக்கும் பொது விஷயத்தை எழுதுபவரின் பக்கத்துக்கு ஆள் வருவது குறைந்து வருகிறது. இயந்திரத்துக்குத் தெரியாதது எது? உங்கள் கடையில் நேற்று ஒருவர் கொண்டுவந்த பழுது, நீங்கள் அதைத் திருத்திய விதம், அதற்கு வாங்கிய கூலி. இவை உங்களிடம் மாத்திரமே இருக்கின்றன.

கூட்டம் தொடங்குமுன் ஒரு வியாபாரி நண்பர் எம்மைப் பிடித்துக்கொண்டார். விலையை எழுதி வைத்தால் எதிர்க்கடைக்காரன் பார்த்து ஐம்பது ரூபாய் குறைத்துவிடுவானே என்றார். அண்ணே, அவருக்கு உங்கள் விலை இப்போதே தெரியும், ஆள் விட்டு விசாரித்திருப்பார், தெரியாதவர் வாங்க வருபவர் ஒருவரே என்றோம். நண்பர் சிரித்தார், ஒப்புக்கொண்டாரா என்பது வேறு. அவர் அச்சம் முழுவதும் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். ஐம்பது ரூபாய்க்காக மாத்திரம் வருபவர் ஐம்பது ரூபாய்க்காகவே போவார். அவரை எழுத்தாலும் நிறுத்த இயலாது. ஆனால் எமது கிணற்றைப்போற் கலங்கிய கிணறுடையவர் ஐம்பது ரூபாயைப் பற்றியா கவலைப்படுவார்?

அந்தக் கிணற்றுக்கே மீண்டும் வருவோம். இயந்திரம் விற்பவர் ஒருவர் எழுதக்கூடியவை எவ்வளவு என்று பாருங்கள். தரைமேல் வைத்து உறிஞ்சும் இயந்திரம் ஏறக்குறைய 25 அடிக்குக் கீழேயுள்ள நீரை உறிஞ்சாது. காற்றின் அழுத்தமே அதற்கு எல்லை. எத்தனை குதிரைவலு கூட்டினாலும் பயனில்லை. கோடையில் உங்கள் கிணற்று நீர் அந்த எல்லைக்குக் கீழே போகுமாயின் இயந்திரத்தை இறக்கி வைக்க வேண்டும், அல்லது நீரில் மூழ்கி நிற்கும் வகையை வாங்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். மழைநீரே அதன் இடுக்குகளில் தேங்கிக் கிணற்றுக்கு வருகிறது. கடற்கரையோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் ஏறும். ஆகையால் பெரிய இயந்திரம் எல்லோருக்கும் நல்லதன்று. நீரின் சுண்ணாம்பு குழாயிற் படியும். எத்தனை மாதத்துக்கொருமுறை கழற்றிப் பார்ப்பது? சுருள் எரிந்தால் மீளச் சுற்றுவது இலாபமா, புதிது வாங்குவது இலாபமா? இவற்றுக்கான விடைகள் அந்தக் கடைக்காரரின் நாவில் இருக்கின்றன. நாளுக்குப் பத்துத் தடவை சொல்லி அலுத்தும் போயிருப்பார். எழுத்தில் மாத்திரம் இல்லை. தமிழில் தேடினால் நீரிறைக்கும் இயந்திரத்தின் படங்கள் வருகின்றன.

சிறியதை வாங்குங்கள் என்று எழுதினால் அன்றைக்கு அவருக்குச் சில ஆயிரம் ரூபாய் நட்டந்தான். அதை நாம் மறுக்கவில்லை. அந்த நட்டத்தைப் பொறுக்கும் மனம் இருக்கிறதா என்பதுதான் இத்தொழிலில் முதலீடு. பேனையும் கணினியும் எல்லோரிடமும் இருக்கின்றன.

எப்படித் தொடங்குவது என்று கேட்பவருக்கு ஒன்று சொல்வோம். இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். அதைத் திருத்தித்தர இச்சங்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் நால்வர் சும்மா இருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில், வருபவர் கேட்கும் கேள்விகளை அவர் கேட்ட சொற்களிலேயே குறித்து வையுங்கள். நீங்கள் திருத்தி அழகாக்க வேண்டாம். அவர்கள் இணையத்திலே தேடும்போதும் அதே சொற்களைத்தான் எழுதுவார்கள். பின்பு வாரத்துக்கு ஒன்றாக விடையெழுதுங்கள். விலை கேட்டிருந்தால் விலையை எழுதுங்கள். மாறுமாயின் எதனால் மாறும் என்று எழுதுங்கள். ஒரு வருஷம் வரையில் பயன் தெரியாமலும் இருக்கலாம். இடையில் நிறுத்திவிட்டால் இதுவரை எழுதியதை எவரும் நம்பமாட்டார், கடை மூடிவிட்டார்கள் என்று எண்ணுவார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க மண்டபத்தில் இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு நாமும் செயலாளரும் இருப்போம். கேள்விப் பட்டியலோடு வருபவருக்கு, தமிழில் தட்டெழுதவும் பக்கம் திறக்கவும் இளைஞர் உதவுவர், கட்டணம் இல்லை. நீரிறைக்கும் இயந்திரம் விற்பவர் எவரேனும் வருவாராயின், எமது கிணற்றின் அளவுகளை நாமே எழுதிக் கொண்டு வருகிறோம்.